மலையில் திருவிழா நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உதகையில் ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் கேட்பதைவிட, அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் கேட்பதுதான் அதிகம். வேலை மாற்றலாகி மலைக்கு வந்தவர்கள், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பெண் எடுத்தவர்கள், திருவிழாவுக்கு எங்களோடு வரும் இந்து நண்பர்கள் என்று பலரும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கத்தோலிக்க வழக்கத்தை முதலில் சொல்கிறேன். சி.எஸ்.ஐ.யில் வேறு பெயரோ வேறு முறையோ இருந்தால் அதையும் கூடவே சொல்லிவிடுகிறேன்.

திருச்சபைக்கு ஆண்டு எப்போது பிறக்கிறது? ஜனவரி 1 இல்லையா?

இல்லை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுதான் எங்கள் ஆண்டுப் பிறப்பு. நவம்பர் 30 புனித அந்திரேயா நாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறு அது. ஆகவே நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் எந்தத் தேதியிலும் வரலாம். அன்றிலிருந்து கிறிஸ்துமஸுக்குள் நான்கு ஞாயிறுகள். ஞாயிற்றுக்கு ஒன்றாக நான்கு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். மூன்று ஊதா, ஒன்று ரோஸ் நிறம். ரோஸ் மூன்றாம் ஞாயிற்றுக்கு உரியது, காத்திருப்பில் பாதிக்கு மேல் வந்துவிட்டோம் என்ற மகிழ்ச்சிக்காக. அந்த வர்த்திகளைச் சுற்றி வைக்கும் பச்சை வளையத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை, சைப்ரஸ் கிளை நாலு ஒடித்தால் போதும்.

ஈஸ்டர் மட்டும் ஏன் ஒவ்வொரு ஆண்டும் தேதி மாறுகிறது?

கிறிஸ்துமஸ் சூரியக் கணக்கு, ஈஸ்டர் நிலாக் கணக்கு. ஆண்டவர் பாடுபட்டது யூதர்களின் பாஸ்கா விழாவை ஒட்டி. பாஸ்கா பௌர்ணமியில் வருவது. 325-இல் கூடிய நிசேயா பொதுச்சங்கம், எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிற்றில் உயிர்ப்பைக் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது. அதன் வழியாக நிலைத்த கணக்கு இது: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு. அதனால் ஈஸ்டர் மார்ச் 22-க்கு முன்னால் வராது, ஏப்ரல் 25-ஐத் தாண்டாது. 2026-இல் ஏப்ரல் 5, 2027-இல் மார்ச் 28, 2028-இல் ஏப்ரல் 16.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இன்னும் எளிது. பெரும்பாலான ஆண்டுகளில் பங்குனிப் பௌர்ணமிக்கு அடுத்து வரும் ஞாயிறு. பழனிக்குக் காவடி கிளம்பும் பங்குனி உத்திரமும் எங்கள் பெரிய வெள்ளியும் பல ஆண்டுகளில் பக்கத்துப் பக்கத்தில் வருவது இதனால்தான். பெரிய வியாழன் இரவு நற்கருணை (ஆண்டவரின் உடலாக நாங்கள் ஏற்கும் அப்பம்) முன்னால் விழித்திருந்துவிட்டு வெளியே வந்தால், மேகம் இல்லாத ஆண்டில் மலை முழுக்க நிலா வெளிச்சம். கெத்சமனி தோட்டத்திலும் அன்று இதே போன்ற நிலாதான் இருந்திருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இந்த ஒரு தேதி தெரிந்தால் பாதி ஆண்டு கையில் வந்துவிடும். ஈஸ்டருக்கு 46 நாள் முன்னால் திருநீற்றுப் புதன், அன்று நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும். ஈஸ்டர் ஞாயிற்றையும் சேர்த்து எண்ணினால் 50-ஆம் நாள் தூய ஆவியார் பெருவிழா, அதாவது பெந்தெகொஸ்தே.

தவக்காலம் நாற்பது நாள் என்கிறீர்கள், எண்ணினால் 46 வருகிறதே?

ஞாயிறுகளைக் கழித்துவிட்டு எண்ணுங்கள், சரியாக நாற்பது. ஞாயிறு உயிர்ப்பின் நாள், அதில் நோன்பு இல்லை. சி.எஸ்.ஐ. மக்கள் இதை லெந்து நாட்கள் என்பார்கள். எங்கள் திருநீற்றுப் புதனை அவர்கள் சாம்பல் புதன் என்பார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் இருக்கும் மலையாள சீரோ மலபார் (சிரிய மரபுக் கத்தோலிக்கர்) குடும்பங்களுக்குச் சாம்பல் புதனுக்காகக் காத்திருக்கும் வழக்கம் கிடையாது, அவர்களின் பெரிய நோன்பு அதற்கு முந்தைய திங்கட்கிழமையே தொடங்கிவிடும். பக்கத்து வீட்டில் புதனுக்கு முன்பே இறைச்சியை நிறுத்திவிட்டார்களே என்று திகைக்க வேண்டாம்.

திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள். 18 வயது நிறைந்தவர்கள் 60 தொடங்கும்வரை ஒரு வேளை மட்டும் முழு உணவு எடுத்துக்கொள்ள வேண்டும். இறைச்சி தவிர்ப்பது 14 வயதிலிருந்து எல்லாருக்கும். நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விலக்கு உண்டு. சர்க்கரை நோயை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்து மயங்கி விழுவதை எந்தச் சாமியாரும் கேட்கவில்லை.

தென்னையே இல்லாத மலையில் குருத்தோலை ஞாயிறு எப்படி?

ஓலை கீழேயிருந்துதான் வர வேண்டும். உதகை 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, இந்தக் குளிரில் தென்னை வளராது. மேட்டுப்பாளையம் பக்கமிருந்து கட்டுக்கட்டாகக் குருத்தோலை ஏற்றி வருவார்கள். சனிக்கிழமை இரவு கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து ஓலையைக் கிழித்துச் சிலுவை முடைவார்கள். எனக்கு அந்த இரவு திருவிழாவைவிடப் பிடிக்கும். ஓலைச் சிலுவை முடையக் கற்றுக்கொடுக்க ஆள் குறைந்துகொண்டே வருகிறது. தயவுசெய்து பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.

மந்திரித்த, அதாவது குருவானவர் ஆசீர்வதித்த ஓலையைக் குப்பையில் போடாதீர்கள். வீட்டுச் சிலுவைக்குப் பின்னால் செருகி வையுங்கள். அடுத்த ஆண்டு திருநீற்றுப் புதனுக்கு முன் கோயிலில் கேட்பார்கள், கொண்டுபோய்க் கொடுங்கள். அதை எரித்த சாம்பல்தான் நம் நெற்றிக்கு வருகிறது. போன ஆண்டு ‘ஓசன்னா’ என்று ஆட்டிய அதே ஓலை.

பெரிய வெள்ளிக்கு வாழ்த்துச் சொல்லலாமா?

வேண்டாம். அது துக்க நாள். அன்று திருப்பலியே கிடையாது, பீடத்தில் துணிகூட இருக்காது, மணி அடிக்காது. சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள்மேல் தியானம் நடக்கும். கிறிஸ்தவ நண்பர் வீட்டுக்குப் போக நேர்ந்தால் சும்மா கூட இருங்கள், போதும். கஞ்சி கொடுத்தால் குடியுங்கள். வாழ்த்தெல்லாம் ஞாயிற்றுக்கு.

புனிதர் திருநாள் என்பது அவர் பிறந்த நாளா?

இறந்த நாள். புனிதர் இறந்த அன்று விண்ணகத்தில் பிறக்கிறார் என்பது ஆதிச் சபையின் நம்பிக்கை. ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டது 1693 பிப்ரவரி 4, அதுதான் அவர் திருநாள். தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டது 1752 ஜனவரி 14. அவர் 2022-இல் புனிதர் பட்டம் பெற்றார்.

திருச்சபை பிறந்த நாள் கொண்டாடுவது மூன்று பேருக்கு மட்டும்: ஆண்டவருக்கு டிசம்பர் 25, அன்னை மரியாவுக்கு செப்டம்பர் 8, திருமுழுக்கு யோவானுக்கு ஜூன் 24. யோவான் ஆறு மாதம் மூத்தவர், அதனால் ஜூன். அந்த நாளுக்குப் பிறகு பகல் குறையத் தொடங்கும், கிறிஸ்துமஸுக்குப் பிறகு வளரத் தொடங்கும். ‘அவர் வளர வேண்டும், நான் குறைய வேண்டும்’ என்று யோவான் சொன்னது வானத்திலேயே எழுதியிருப்பது போல இருக்கும்.

உதகை காந்தல் குருசடித் திருவிழா மே 3. நாள்காட்டியில் திருச்சிலுவை விழா செப்டம்பர் 14 என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. திருச்சிலுவைக்கு முன்பு இரண்டு விழாக்கள் இருந்தன. கான்ஸ்டன்டைன் பேரரசரின் தாய் ஹெலெனா எருசலேமில் ஆண்டவரின் சிலுவையைக் கண்டெடுத்தார் என்பது நான்காம் நூற்றாண்டு முதல் வரும் மரபு. அந்த இடத்தில் எழுந்த ஆலயம் 335 செப்டம்பரில் நேர்ந்தளிக்கப்பட்டது. அதை ஒட்டியது செப்டம்பர் 14, சிலுவையின் மகிமை விழா. மேற்கத்திய சபையில் சிலுவையைக் கண்டெடுத்ததற்கென்றே தனியாக மே 3 இருந்தது. 1960-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் நாள்காட்டியைச் சீர்ப்படுத்தியபோது, ஒரே பொருளுக்கு இரண்டு விழா வேண்டாம் என்று மே 3 பொது நாள்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டது.

ஆனால் மக்கள் விடவில்லை. மெக்சிகோவில் இன்றும் மே 3 அன்று கட்டடத் தொழிலாளர்கள் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின்மேல் பூச்சூட்டிய சிலுவையை நடுவார்கள். இங்கே காந்தலில் திருச்சிலுவையின் அருளிக்கம் இருக்கிறது, அதாவது அந்த மரத்தின் சிறு துண்டு. அதை முத்தமிட வரும் மக்களுக்கு மே 3-தான் திருவிழா. பொதுவிழாவாக இல்லாமல் போன நாளைத் திருத்தலம் தன் விழாவாக வைத்துக்கொள்வதில் தவறு ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால் இந்த மலைக்கு அதுவே நல்ல நாள். பள்ளி விடுமுறை, சமவெளியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருக்கும் நேரம். ஒன்று மட்டும் கவனம்: மலர்க் கண்காட்சி மாதம் அது, சாலை நெரிசல் கடுமையாக இருக்கும். வண்டியைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

‘குருசடி’ என்ன சொல் என்று சிலர் கேட்பதுண்டு. போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த ‘குருசு’, அதோடு நம் ‘அடி’. சிலுவையின் காலடி. எவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டது பாருங்கள்.

கொடைக்கானல் சலேத் மாதா திருவிழா ஏன் ஆகஸ்டில்? காட்சி கொடுத்தது செப்டம்பரில் என்று படித்தேன்.

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். பிரான்சில் ஆல்ப்ஸ் மலையில் உள்ள லா சலேத் ஊரில் மாதா காட்சி கொடுத்தது 1846 செப்டம்பர் 19. கொடைக்கானலில் திருவிழா ஆகஸ்ட் 14, 15. மாதாவின் விண்ணேற்புப் பெருவிழாவோடு சேர்த்து நடக்கிறது. நம் நாட்டில் சுதந்திர தின விடுமுறையும் அன்றே வருவதால், கூலிக்குப் போகிறவர்களும் தோட்டத்தில் வேலை செய்பவர்களும் நாள் சம்பளத்தை இழக்காமல் மலையேற முடிகிறது.

என் அம்மா பிறந்தது கொடைக்கானல் பக்கம். அவர் சொல்லிச் சொல்லி எனக்குள் பதிந்த கதை இது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு ஏழைப் பிள்ளைகள், மெலனிக்கு 14 வயது, மாக்சிமினுக்கு 11. முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணை மலைச்சரிவில் பார்க்கிறார்கள். அவர் எழுந்து பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமையையும் விட்டுவைக்காமல் உழைப்பது பற்றி, ஆண்டவர் பெயரை வீணாகச் சொல்வது பற்றி, அப்புறம் உருளைக்கிழங்கு பற்றி. ஆமாம், உருளைக்கிழங்கு. அந்த ஆண்டுகளில் ஐரோப்பா முழுக்க அழுகல் நோய் வந்து கிழங்கு கெட்டுப்போயிருந்தது. நல்ல பிரெஞ்சில் ‘உருளைக்கிழங்கு’ என்று அவர் சொன்னதும் மெலனிக்குப் புரியவில்லை, அவர்கள் ஊரில் அதற்கு வேறு பேர். பிள்ளை விழிப்பதைப் பார்த்ததும் மாதா, ‘புரியவில்லையா, வேறு மாதிரி சொல்கிறேன்’ என்று அவர்கள் ஊர்ப் பேச்சிலேயே தொடர்ந்தாராம்.

மாதா படிப்பில்லாத பிள்ளைக்காகத் தன் பேச்சை மாற்றிக்கொண்ட இடம் எனக்கு உயிர். மறைக்கல்வியில் நான் பெரிய பெரிய சொற்களைப் பயன்படுத்தும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

1851-இல் கிரெனோபிள் ஆயர் காட்சியை ஏற்று அறிவித்தார். பதினைந்தே ஆண்டுகளில், 1866-இல், இங்கே பழனி மலைத்தொடரில், கொடைக்கானலில், சலேத் மாதாவுக்குக் கோயில் எழுந்துவிட்டது. பிரெஞ்சு இயேசு சபைக் குரு லூயி சென் சீர் அடிகளார் கட்டியது. லா சலேத் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100. அங்கும் மாடு மேய்ச்சல், கிழங்கு, குளிர், மூடுபனி. கிழங்கு அழுகினால் ஒரு வீடு என்ன பாடுபடும் என்று மன்னவனூரிலோ கேத்தியிலோ விவசாயியிடம் விளக்க வேண்டியதில்லை. மாதா அழுதது நம் பாட்டைப் பார்த்துத்தான் என்பார் அம்மா.

நவநாள், கொடியேற்றம், சப்பரம்: இதெல்லாம் நாம் கண்டுபிடித்ததா?

கொடிமரமும் சப்பரமும் தமிழ் மண்ணின் வழக்கம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்பது நாள் செபம் பழையது. ஆண்டவர் விண்ணேறிய பிறகு பெந்தெகொஸ்தே வரை மாதாவும் சீடர்களும் ஒன்பது நாள் மாடியறையில் செபித்தார்கள், நவநாளின் வேர் அங்கே. அதனால் தேர் வரும் கடைசி நாள் மட்டும் வருகிறவர்களிடம் நான் எப்போதும் ஒன்று கேட்பேன்: ஒரு நாளாவது முன்கூட்டி வாருங்கள். கூட்டமில்லாத செவ்வாயோ புதனோ, ஐம்பது பேர் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லும் மாலையில்தான் திருவிழா உள்ளே இறங்கும்.

கூடலூர், கோத்தகிரி பக்கம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் அந்தோணியார் பக்தி அதிகம். கொழும்பு கொச்சிக்கடைக் கோயிலைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். அந்தோணியார் இறந்தது 1231 ஜூன் 13, அடக்கம் செய்தது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தோறும் அந்தோணியார் நவநாள் வந்தது அதனால்தான். ஜூன் 13 என்றால் கூடலூரில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் நேரம். தார்ப்பாய் போர்த்திய சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்கிறவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றும்.

நான் இந்து. திருவிழாவுக்கு வரலாமா?

தாராளமாக. மெழுகுவர்த்தி ஏற்றலாம், உப்பும் மிளகும் காணிக்கை போடலாம், தேர் இழுக்கலாம், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒன்றே ஒன்று: நற்கருணை வாங்கும் வரிசையில் மட்டும் நிற்க வேண்டாம். அது திருமுழுக்குப் பெற்று, முதல் நற்கருணைக்கு ஆயத்தம் செய்தவர்களுக்கு உரியது. குருவானவர் மறுத்தால் உங்களுக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம். உங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சி.எஸ்.ஐ. சபையில் புனிதர் நாட்கள் உண்டா?

உண்டு, ஆனால் நவநாளும் சுரூபமும் (புனிதர் சிலை) கிடையாது. ஆலயங்களின் பெயர்களையே பாருங்கள்: உதகையில் புனித ஸ்தேவான், ஏரிக்கரையில் புனித தோமா, குன்னூரில் சகல பரிசுத்தவான்கள். ஸ்தேவான் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1829 ஏப்ரல் 23. மக்களுக்குத் திறந்தது 1831 ஏப்ரல் 3, அன்று ஈஸ்டர் ஞாயிறு.

தோமாவின் நாள் சிலருக்கு டிசம்பர் 21, சிலருக்கு ஜூலை 3. பழைய மேற்கத்திய நாள்காட்டியும் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகமும் டிசம்பர் என்றன. சிரியத் திருச்சபை வழக்கம் ஜூலை. கத்தோலிக்கர் 1969-இல் ஜூலைக்கு மாறினோம்.

சி.எஸ்.ஐ.யில் நான் பொறாமையோடு பார்ப்பது அறுப்பின் பண்டிகை. மற்ற ஊர்களில் நெல்லும் வாழைத்தாரும் வரும். இங்கே பீடத்தின் முன் கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட், கிழங்கு மூட்டை, தேயிலை. ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு முட்டைக்கோஸ் ஆயிரம் ரூபாய்க்குப் போவதும் உண்டு, விலை கேட்டு வாங்குவதில்லையே. அது நன்றி.

கல்லறைத் திருநாளுக்கு என்ன செய்ய வேண்டும்?

நவம்பர் 2, முந்தைய நாள் அனைத்துப் புனிதர் பெருவிழா. இரண்டு நாள் முன்பே போய்ப் புல் வெட்டிச் சுத்தம் செய்துவிடுங்கள். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை எந்த நேரமும் வரும், ஆகவே கண்ணாடிக் கூண்டு உள்ள விளக்கோ, அடி அகலமான மெழுகுவர்த்தியோ கொண்டு போங்கள். சாமந்தி மழை தாங்கும், ரோஜா தாங்காது. குருவானவர் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வருவார், உங்கள் வரிசை வரும்வரை நில்லுங்கள். உங்கள் குடும்பக் கல்லறைக்குப் பக்கத்தில் யாரும் வராத ஒன்று கட்டாயம் இருக்கும். பிள்ளைகள் வெளிநாடு போயிருப்பார்கள், அல்லது வம்சமே இல்லாமல் போயிருக்கும். அதற்கும் ஒரு வர்த்தி வையுங்கள்.

கிறிஸ்துமஸ் குடிலை எப்போது வைத்து எப்போது எடுக்க வேண்டும்?

முதலில் குடில் வைத்தது அசிசி பிரான்சிஸ், 1223-இல், கிரெச்சியோ ஊரில். மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் கொண்டுவந்து காட்டினார். நம் வீடுகளில் திருவருகைக் காலத்தில் கட்டத் தொடங்கலாம், ஆனால் பாலன் சுரூபத்தை 24 இரவுத் திருப்பலிக்குப் பிறகுதான் கிடத்த வேண்டும். உறைபனி விழும் இரவு அது. சால்வை, குல்லாய், கையுறை எல்லாம் போட்டும் பல் கிட்டும். அந்தக் குளிரில் வைக்கோல்மேல் பாலனைக் கிடத்தும்போது மாட்டுத் தொழுவம் என்றால் என்ன என்று உடம்புக்கே தெரியும்.

26-ஆம் தேதியே கலைத்துவிடாதீர்கள். கிறிஸ்துமஸ் காலம் அப்போதுதான் தொடங்குகிறது. 26 ஸ்தேவான், 27 யோவான், 28 மாசற்ற குழந்தைகள், ஜனவரி 6-ஐ ஒட்டி மூன்று ராஜாக்கள் திருவிழா. ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை குடில் இருக்கட்டும். பழைய வழக்கப்படி பிப்ரவரி 2, மெழுகுவர்த்தி மந்திரிக்கும் நாள் வரை வைத்திருப்பவர்களும் உண்டு.

இன்னொன்று. குடிலுக்குப் பச்சை வேண்டுமென்று சோலைக்காட்டுக்குள் போய் மரத்துப் பாசியை உரித்துவராதீர்கள். நாங்களும் சிறுவயதில் சாக்குச் சாக்காக உரித்தவர்கள்தான், அது மறுபடி படர எத்தனை ஆண்டு ஆகும் என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை. மழையையும் மூடுபனியையும் பிடித்து ஓடைக்குக் கொடுப்பது அந்தப் பாசி. இப்போது எங்கள் வகுப்புப் பிள்ளைகள் டிசம்பர் முதல் வாரத்தில் பழைய தட்டில் மண் போட்டு ராகியோ கோதுமையோ விதைக்கிறார்கள். இந்தக் குளிரில் மெதுவாகத்தான் வரும், அடுப்படிப் பக்கம் வைத்தால் கிறிஸ்துமஸுக்குள் விரல் உயரம் வந்துவிடும். குடில் எடுத்த பிறகு மாட்டுக்குப் போடலாம்.